ஹாரன அமுத்தீராதீங்க

ஐயோ, அத அமுத்தீராதீங்க. கைய எடுங்க மொதல்ல, சொல்றேன். ஆமாங்க, ஹாரன்தான். லாரி ஹாரனேதான். அத ஒருக்கா அமுத்துனீங்கன்னா உள்ள இருக்கற கோழியெல்லாம் மெரண்டு, ஒன்னு மேல ஒன்னு ஏறி உழுந்து, மறுநாளு முட்டையெல்லாம் தோலு இல்லாம கொழகொழன்னு வரும். போன மாசம் ஒரு இன்சூரன்சுக்காரரு வந்து நல்லா அழுத்தமா அமுத்திப்போட்டு, ஊட்ல யாருங்கன்னு கேட்டாரு. அவருக்குப் பாலிசியும் கெடைக்கல, எங்களுக்கு ரெண்டு நாளைக்கு முட்டையும் கெடைக்கல.

முட்டை ஏவாரமுங்களா. எந்தூருங்க? அப்படிப் பொதுவாக் கையக் காட்டுனா எப்படிங்க, மேக்கால எத்தனயோ ஊரு இருக்குது. செரி உடுங்க. பேரு? சின்னண்ணனா. நல்லதுங்க.

எங்கய்யன் தீவனம் எடுக்க நாமக்கல் போயிருக்கறாரு, பொழுதோடதான் வருவாரு. எங்கம்மா அக்கட்டால தெரியுது பாருங்க, கருப்புச் செவுரு, முன்னால கண்ணாடியா மின்னுது, அந்த ஊட்டுக்குள்ள குஞ்சுக்குத் தண்ணி வெச்சுட்டு இருக்குது. ஒரு சத்தம் போட்டா வந்துரும். நீங்க உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாங்க, இது கோழிக்கொட்டாயி. அந்த மூட்ட மேலயே ஒக்காரலாம், கடலத் தொலிப் பொட்டுதான், ஒன்னும் பண்ணாது. ஆமாங்க, அந்த அரைச்செவுத்துக்கு அக்கட்டால கோழி, இக்கட்டால நாங்க. இங்கதான் குடியிருக்கறோம். ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஊடு கோழிக்கு, கொட்டாயி மனுசனுக்கு. எங்கூட்ல எல்லாமே அப்படித்தான். சொல்றேன், சொல்றேன்.

தலையில கட்டியிருக்கற துண்டக் கழட்டிப்போட்டு ஒக்காருங்க, இங்க வேர்க்காது. வேண்டாமா? காத மூடி இந்த இழு இழுத்துக் கட்டியிருக்கறீங்க, சளி கிளி புடிச்சிருக்குதுங்களா? செரி, உங்க இஷ்டம். மோரு இருக்குது, குடிங்க.

முட்டை அந்தக் கூடையில இருக்குதுங்க. அட்டை இந்தா. நீங்களே பொறுக்கி அடுக்கிக்குங்க, ஏவாரிக கை வெச்சாத்தான் அவிகளுக்குத் திருப்தி. அட, அப்படியில்லீங்க. கூரு முனை கீழ போகோணும். கீழ. இந்தாங்க, இப்படி. இப்ப அடுக்குங்க.

சிலுசிலுன்னு இருக்குதல்ல? வெளிய சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குது, இங்க பாருங்க. எங்கங்க தேடறீங்க, ஃபேனா? ஃபேனும் இல்ல, கரண்டும் இல்ல. இந்தக் காட்டுக்குக் கரண்டே வரலீங்க. கம்பம் நடறோம் நடறோம்னு சொல்ல ஆரம்பிச்சப்ப நா பாவாட கட்டிட்டிருந்தேன், இப்பச் சேல கட்டிட்டு இருக்கறேன், கம்பம் இன்னும் வரல. எங்கய்யன் போயிப் போயிக் கேப்பாரு. உங்களுக்கு முன்னால ஏகப்பட்ட பேரு இருக்கறாங்க, வரிசையில வாங்கன்னு சொல்லி அனுப்பிப்போடுவாங்க. எங்கய்யனுக்கு ரோசம் கொஞ்சம் எச்சா. ஒரு நாளு வந்து துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு, சூரியன் எங்காட்டுக்கு மேலதான் நிக்குது, அதுக்கு எவங்கிட்ட மனுக் குடுக்கோணும், இனி வெளிய இருந்து ஒரு பொட்டுக் கரண்டு எனக்கு வேண்டாம், என்ற ஊட்டுக்கு என்ன ஓணுமோ அத அந்த ஊடே வெயில்ல சம்பாரிச்சுக்கட்டும்னு சொல்லிப்போட்டாரு. சொன்னதோட நின்னிருந்தாத் தேவல.

நீங்க வெள்ளியங்கிரி பட்டறைன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே. நாமக்கல்ல லாரிக்குப் பாடி கட்டற பட்டறை. அவருதான் எங்கய்யன். உங்க கண்ணு விரியுதே, தெரியுதல்ல உங்களுக்கு? முட்டை ஏவாரிக்கு லாரிப் பட்டறை தெரியுதுன்னா ஆச்சரியந்தான். செரி. எங்கய்யன் எப்படின்னா, ரோட்டுல போற லாரிய ஒருக்கா நின்னு பாத்தாருன்னா, ஒரு நூலப் போட்டு நாலு எடம் அளந்தாருன்னா, அச்சா அதே மாதிரி கட்டி நிறுத்திப்போடுவாரு. படிப்பு அஞ்சாப்புதான். படமும் தேவையில்ல, கணக்கும் தேவையில்ல, பாத்தாப் போதும். அவருக்கு அதுலதான் பெருமையே. அதுலயேதான் மாட்டுனாரு.

சேலத்துல பொருட்காட்சி போட்டாங்கல்லங்க, அங்க ஒரு கடையில சூரியனை வெச்சு வாழற ஊடுன்னு பெருசா ஒரு படம் வரைஞ்சு வெச்சிருந்தாங்களாமா. கருப்புச் செவுரு, அதுக்கு முன்னால ஆளுயரத்துக்குக் கண்ணாடி, வெயிலு உள்ள போற மாதிரி செகப்புல கோடு. எங்கய்யன் நூலெடுத்து அந்தப் படத்தையே அளந்திருக்கறாரு. கடைக்காரப் பையன் இங்கிலீசுல என்னமோ சொல்லியிருக்கறான். இவரு தலைய ஆட்டிப்போட்டு, எனக்கு எல்லாந் தெரியும் தம்பின்னு வந்துட்டாரு.

வந்து அச்சா அப்படியே கட்டுனாரு. ரெண்டு மொழத் தடிமனுல கல்லுச் செவுரு, அதுக்கு லாரிச் சேஸுக்கு அடிக்கற கருப்புப் பெயிண்டு. கண்ணாடிக்குப் பழைய லாரி முன்கண்ணாடியா வாங்கியாந்து, வரிசையாச் சாச்சு வெச்சாரு. படத்துல தெக்கப் பாத்துத்தான் இருந்துச்சாமா, நம்ம பக்கம் தெக்க அத்தன வெயிலு வாரதில்லீன்னு அவரே ரோசன பண்ணி மேக்கத் திருப்பிட்டாரு. மத்தியானத்துக்கு மேல அடிக்கற வெயிலு ஒரு பொட்டுக்கூட வெளிய போகக் கூடாதுன்னு சந்து பொந்தெல்லாம் பெயிண்டுக்கு முன்னால பூசற பட்டி வெச்சு அடைச்சாரு. படத்துல கூரை வெள்ளையா இருந்துச்சுன்னு கூரைக்குச் சுண்ணாம்பு. ஊட்டுப் பக்கத்துல கூம்பா மரம் நின்னுச்சுன்னு ரெண்டு சவுக்கு மரம்கூட நட்டாருங்க. பாருங்க, அதோ நிக்குது.

படத்துல இருந்த சனமெல்லாம் கம்பளிக் கோட்டு போட்டிருந்தாங்களாமா. நல்ல வசதியான ஆளுகன்னு நெனச்சிருக்கறாரு.

நீங்க சிரிக்கறீங்க, உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. எங்களுக்குப் புரிய ஒரு வருசம் ஆச்சு. அடுத்த வருசம் பொருட்காட்சிக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாரு. நாந்தான் அந்தப் படத்துக்குக் கீழ எழுதியிருந்ததப் படிச்சேன். அது வடக்க, பனி மலையில கட்டற ஊடுங்க. குளிருல சாகாம இருக்கறதுக்கு வெயில உள்ள புடிச்சு அடைச்சு வெக்கற ஊடு. கூரை மேல இருந்தது சுண்ணாம்பு இல்ல, பனி. எங்கய்யன் கிட்டச் சொன்னேன். அந்தக் கூரைய மறுக்கா பாத்துட்டு, நல்லாச் சீரா அடிச்சிருக்கறானேன்னு நெனச்சேன் சாமின்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகாச்சியும் வந்துச்சு. பொருட்காட்சியில நின்னு ரெண்டையும் எப்படிங்க பண்றது. பஜ்ஜி வாங்கித் தாங்கன்னு கேட்டேன்.

அந்த ஒரு வருசம் நாங்க பட்ட பாடு இருக்குதே. குடி போனது மாசிங்க, சித்திரையில கண்ணாடி ஊடு அதோட வேலையக் காட்டுச்சு. எங்கம்மா பச்சை அப்பளத்தத் தரையில வெச்சிருக்குது, எடுக்கப் போனா அது தானாவே மொறுமொறுன்னு ஆயிப்போச்சு. எண்ணெ தேச்சுக்கறதுக்குக் காய வெக்க வேண்டியதில்ல, அலமாரியில இருந்து அப்படியே எடுத்துத் தேய்க்கலாம். பொழுது போனாலும் அந்தச் செவுரு விடாது, பகலெல்லாம் குடிச்ச சூட்டையெல்லாம் எங்க மேல ஊதிட்டே இருக்கும். எங்கய்யன் மட்டும் நடுவூட்ல கட்டலப் போட்டு வேர்த்து ஊத்திட்டுப் படுத்துக்கிட்டு, எப்படிப் புடிச்சு வெச்சிருக்குது பாத்தியா, ஒரு பொட்டுச் சூடு வீணாகல பாத்தியான்னு கேப்பாரு.

ஏனுங்க சின்னண்ணன். ஏனுங்க. உங்களத்தானுங்க, சின்னண்ணன்னுதானே சொன்னீங்க? மோரு இன்னும் ஊத்தட்டுமான்னு கேட்டேன்.

அப்ப எங்க கோழியெல்லாம் ஒரு தகரக் கொட்டாயில இருந்துச்சு. அதுவும் எங்கய்யன் கட்டுனதுதான், லாரி மாதிரியே மூனு பக்கமும் அடைச்சு, பின்பக்கம் தொறக்கற டெயில் போர்டு கூட வெச்சு. வெயிலு தாங்காம கோழி நெதமும் சாகும். நாந்தான் எடுத்துப் பொதைப்பேன். ப்ளஸ் டூ முடிச்சுப்போட்டு ஊட்லதான இருக்கறேன், இதை நா கட்டறேன்னு கேட்டேன். எப்படிக் கட்டுவேன்னாரு. நீங்க கட்டுனத அப்படியே தலகீழாக் கட்டுவேன்னேன். திட்டுவாருன்னு நெனச்சேன், நூல எடுத்து எங்கையில குடுத்துட்டாரு.

வேற ஒரு மூளையும் இல்லீங்க எனக்கு. அவரு மேக்கால கண்ணாடி வெச்சாரு, நா மேக்கால முழுச் செவுரு வெச்சு அதுக்கு முன்னால அவரைக்கொடிப் பந்தல் போட்டேன். அவரு கருப்பு, நா சுண்ணாம்பு. அவரு சந்து பொந்தெல்லாம் அடைச்சாரு, நா வடக்கயும் தெக்கயும் வெறும் வலையா உட்டு, முகட்டுல நீளமா ஒரு சந்து உட்டேன், சூடு மேலேறி அப்படியே வெளிய போயிக்கட்டும்னு. கெழக்கு மேக்கா நீட்டிக் கட்டுனதால வெயிலுக்கு மொகரையத்தான் காட்டறோம், ஒடம்பக் காட்டறதில்ல. நாம இருக்கறோமே, இந்தப் பக்கம் மேல ஓட்டுக்கு அடியில பரண் போட்டு அது பூராவும் பானைங்க. கொயவரூட்ல ஓட்டைப் பானை, வெந்தும் வேகாத பானையெல்லாம் வாங்கியாந்து வரிசையாக் கவுத்து அது மேல சுண்ணாம்பு. பானைக்குள்ள இருக்கற காத்து சூட்டக் கீழ உடாது. அந்தச் சாக்குத் திரையில தண்ணி சொட்டுது பாருங்க, அதுதான் எங்க ஃபேனு. ஆனி ஆடியில அதுவும் வேண்டியதில்ல, மேக்க இருந்து அடிக்கற காத்துக்குச் செவுத்த ஒட்டி ஒரு சந்து வெச்சிருக்கறேன், அதுல பூந்து கோழி ரெக்கைய ஒதறிட்டு வரும்.

கட்டி முடிச்சு ஒரு வாரம், ஒரு கோழி சாகல. எங்கம்மா ஒரு நாளு மத்தியானம் அரிசி பொடைக்கறேன்னு மொறத்தத் தூக்கிட்டு இங்க வந்துச்சு. மறுநாளு பாயோட வந்துச்சு. அப்புறம் அடுப்பு வந்துச்சு. நா பொஸ்தகப் பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன். எங்கய்யன் மட்டும் அந்த ஊட்ல தன்னந்தனியா வெந்துட்டு இருந்தாரு.

வெளிச்சத்துக்கா? அதுக்குத்தான் வாரேன். பொழுது போன பொறவும் கொஞ்ச நேரம் வெளிச்சம் இருந்தாத்தான் கோழி முட்டை நல்லா உடும், உங்களுக்குத் தெரியாததா. எங்கய்யன் புல்லட்ட வித்துப்போட்டு, பொருட்காட்சிக்காரனக் கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு சூரியப் பலகை வாங்கியாந்தாரு. அது லாரி பேட்டரிய ஏத்தும். பேட்டரிக்கு எது சேரும்? லாரி பல்புதான். அதனால எங்கூட்ல கோழிக்கு ஹெட்லைட்டு. சமையக்கட்டுல இண்டிகேட்டரு, மஞ்சளா அணைஞ்சு அணைஞ்சு எரியும், அதுல அரிசிக்குக் கல்லுப் பொறுக்கிப் பாருங்க தெரியும். பின்னால செகப்பு டெயில் லைட்டு. சேந்தமங்கலம் ரோட்டுல பொழுது போயி வர்ற லாரிக்காரன் எல்லாம் முன்னால ஒரு வண்டி நிக்குதுன்னு பிரேக்கு அடிக்கறான். ஹாரனும் அப்படி வந்ததுதான், காலிங் பெல்லாமா.

பலகை வந்த புதுசுல ஒரு நாளு திடீர்னு வெளக்கு எரியல. எங்கய்யன் ஒயர் பூராவும் கழட்டி மறுக்கா மாட்டுனாரு. பேட்டரிய மாத்துனாரு. பலகைய வித்தவன வாய்க்கு வந்தபடி திட்டுனாரு. கடைசியில ஏணி போட்டு மேல ஏறிப் பாத்தா, எங்கம்மா பலகை மேல வடகம் புழிஞ்சு காய வெச்சிருக்குது. சூரியனுக்குன்னே வாங்குன பலகைதானேன்னு கேக்குது. அதுல தப்புச் சொல்ல முடியுங்களா?

தண்ணி எறைக்கத்தான் இன்னும் ஆயில் இஞ்சினு. அது ஒன்னு எங்கய்யனுக்குக் கொறை.

குஞ்சு எப்படி அந்த ஊட்டுக்குள்ள போச்சுன்னா, மார்கழியில குஞ்சு எறக்குனோங்க. பொறந்து ஒரு நாளு ஆன குஞ்சுக்குச் சூடு ஓணும், இல்லீன்னா ஒடுங்கிச் செத்துப்போகும். மண்ணெண்ணெ அடுப்பு வெக்கறதுதான் வழக்கம். அன்னிக்குப் பாத்து மண்ணெண்ணெ எங்கயும் கெடைக்கல. பொழுது எறங்கப் போகுது, கொல்லிமலைப் பக்கமிருந்து குளுந்த காத்து, குஞ்சு எல்லாம் மூலையில போயி ஒட்டிக்கிட்டுக் கத்துது. கேக்க முடியலீங்க. எனக்கு என்ன தோணுச்சோ, கூடை கூடையா அள்ளிட்டு ஓடுனேன் அந்தக் கண்ணாடி ஊட்டுக்கு. எங்கய்யன் சாப்பிட்டுட்டு இருந்தாரு. அவரக் கேக்கவே இல்ல, வட்டலச் சுத்திக் கொட்டிப்போட்டேன் எல்லாத்தையும். அந்தச் செவுரு பகல்ல குடிச்ச வெயிலு அப்படியே கதகதன்னு இருந்துச்சு. குஞ்சு ஒவ்வொன்னா செவுத்தோரம் போயி ரெக்கைய விரிச்சுப் படுத்துருச்சு. வெடியால ஒன்னுகூடச் சாகல.

எங்கய்யன் கட்டலத் தூக்கிக் கொண்டாந்து இங்க போட்டாரு. அன்னிக்குப் பூராவும் யாரு மூஞ்சியும் பாக்கல. எனக்கு வெசனமாப் போச்சு, ஆசை ஆசையாக் கட்டுன ஊட்ட இப்படிப் பண்ணிப்போட்டமேன்னு. பொழுதோட பக்கத்துல வந்து ஒக்காந்து, குஞ்சு பொழைக்குதல்ல சாமி, அப்பப் போதும்னாரு. அன்னில இருந்து இன்னிக்கு வரைக்கும் குஞ்சுக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெ வாங்குனதில்ல. பனிக்குக் கட்டுன ஊட்ல குஞ்சு, கோழிக்குக் கட்டுன ஊட்ல நாங்க. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் வெயிலத் தவுத்து வெளிய இருந்து எதும் வாரதில்ல. எங்கய்யன் சொன்னது நடந்துருச்சு, அவரு நெனச்ச மாதிரி நடக்கல, அவ்வளவுதான்.

இதுல என்ன கொறைன்னு கேக்கறீங்களா? எனக்குக் கலியாணம் ஆகோணுமே, அதுதான் கொறை.

பொண்ணு பாக்க ரெண்டு ஒறம்பரை வந்துட்டுப் போயிருச்சுங்க. மொத வந்தவிகள எங்கய்யன் பெருமையாக் கண்ணாடி ஊட்ல ஒக்கார வெச்சாரு, அப்ப குஞ்சு இல்ல. மேக்கு வெயிலு எறங்கற நேரம். மைசூர்பாகு தட்டுல திரும்பவும் நெய்யாப் போச்சு. மாப்ளையோட பெரியம்மா போட்டிருந்த பவுடரு கழுத்து வரைக்கும் வழிஞ்சுது. பெரியப்பா எந்திரிச்சுப் போயி சவுக்கு மரத்தடியில படுத்தவரு, எத்தன கூப்பிட்டும் உள்ள வரல. பொண்ணு புடிச்சிருக்குது, சூடுதான் புடிக்கலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

ரெண்டாவது வந்தவிகளுக்கு இங்க, இதே எடத்துல பாய் விரிச்சோம். எல்லாம் நல்லாத்தான் போச்சு. தாம்பாளத்துல வெத்தல பாக்கு வெச்சாச்சு. பின்னால தாமசமா வந்த தாய்மாமன் அந்த ஹாரன அமுத்திட்டாருங்க. அரைச்செவுத்துக்கு மேல பறந்து வந்துச்சு பாருங்க கோழி. ஒன்னு மாப்ளையோட அம்மா மடியில. ஒன்னு நேரா தாம்பாளத்துல, வெத்தல மேல ஒக்காந்து முட்டை உட்டுருச்சு. நல்ல சகுனம்னு எங்கம்மா சொல்லுச்சு. அவிக அப்படி நெனைக்கல.

வார வெள்ளிக்கெழம மூனாவது. சங்ககிரியில லாரி வெச்சிருக்கறவிக. எங்கய்யன் இந்தத் தடவ உசாராயிட்டாரு. வாரவிகள இங்க கூட்டிட்டு வாரதே இல்ல, மெயின் ரோட்டுல சௌந்திரக்கா ஊடு இருக்குதல்ல, காங்கிரீட்டு ஊடு, ஃபேனெல்லாம் இருக்குது, அதையே எங்கூடுன்னு சொல்லி ஒக்கார வெச்சுப்போடலாம்னு பேசி வெச்சிருக்கறாரு. எனக்கு அதக் கேட்டதுல இருந்து சோறு எறங்கலீங்க. நேத்து நேராவே கேட்டேன், நாம என்ன திருடுனமா, எதுக்கு ஒளிக்கோணும்னு. அதுக்கு அவரு, என்ற கிறுக்கால உனக்குக் கலியாணம் நிக்கக்கூடாது சாமி, இதுவும் தவறிப்போச்சுன்னா கண்ணாடிய ஒடச்சு, கொட்டாயப் பிரிச்சுப்போட்டு, ஊருல எல்லாத்தையும் போல நானும் ஒன்னக் கட்டிப்போடறேன்னாரு. நெசமாலுமே செய்வாருங்க. கட்டறதுல எப்படியோ அப்படித்தான் பிரிக்கறதுலயும்.

மாப்ளயப் பத்திக் கேக்கறீங்களா? எனக்கென்னங்க தெரியும். பேரு ராசப்பனாமா. டிப்ளமோ படிச்சுப்போட்டு அவிக லாரி ஆபீசையே பாத்துக்கறாராமா. புதுசா மாடி ஊடு கட்டியிருக்கறாங்களாம், முழுக்கக் காங்கிரீட்டு, ரூமுக்கு ரூமு ஃபேனு, டி.வி. கூட வாங்கியாச்சாம். தரகரு சொல்றப்பவே எனக்கு வேர்த்துப்போச்சு. சங்ககிரிக் கரட்டுக்கு அடியில, அந்தப் பாறைச் சூட்டுல, காங்கிரீட்டு மாடி. கரண்டு நின்னா சனம் பூராவும் மொட்ட மாடியில போயிப் படுத்துட்டு விசிறிட்டு இருப்பாங்க, பாத்துக்குங்க. ஆமான்னு தலைய ஆட்டறீங்க. போயிருக்கறீங்களா அந்த ஊட்டுக்கு?

போட்டோ வந்துச்சுங்க. லாரி மேல ஒரு கைய வெச்சுட்டு நிக்கறாரு. மூஞ்சி செரியாத்தான் இருக்குது, காதுதான் கொஞ்சம் எச்சாப் போயிருச்சு. எங்கம்மா பாத்துட்டு, லாரிக்குச் சைடு கண்ணாடி மாதிரி நல்லா இருக்குதுன்னு சொல்லுச்சு. என்னங்க, மோரு பொறையேறிருச்சா? மெதுவாக் குடிங்க, மெதுவா.

அட்டைய இங்க குடுங்க, பாத்துட்டுத் தர்றேன். அடடா. நா சொல்லிக் குடுத்த வரிசைய உட்டுட்டு மிச்சத்தப் பூராவும் மறுக்கா கூரு மேலயே வெச்சிருக்கறீங்க. எந்த முட்டை ஏவாரிங்க இப்படி அடுக்குவான்? வந்ததுல இருந்து ஒரு முட்டையத் தூக்கி வெளிச்சத்துல பாக்கல. வெலை என்னன்னு கேக்கல. சின்னண்ணன்னு கூப்பிட்டா வேற ஆரையோ கூப்பிடறாப்புல ஒக்காந்திருக்கறீங்க. இப்பவாச்சும் அந்தத் துண்டக் கழட்டுங்க. எங்கம்மா சொன்ன அளவுக்கு ஒன்னும் பெருசு இல்லீங்க உங்க காது.

இல்லீங்க, கோவமெல்லாம் இல்ல. எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க. நீங்க வேசம் போட்டு வந்தீங்க, எங்கய்யன் ஊட்டுக்கே வேசம் போடறாரு, ரெண்டும் செரியாப் போச்சு. ஹாரன் மேல கைய வெச்சுட்டு நின்னீங்களே, அப்பவே தெரியுங்க எனக்கு. போட்டோவுல லாரி மேல வெச்சிருக்கற அதே கை. அம்மாளக் கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருக்கும், காப்பி பலகாரம்னு தடபுடல் பண்ணி, உங்களக் கும்புட்டுக் கையோட சௌந்திரக்கா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கும். நா கூப்பிடல.

வெள்ளிக்கெழம நா என்ன பண்ணுவேன்னு உங்களுக்கே தெரியும். காப்பித் தட்டத் தூக்கிட்டு வருவேன், குனிஞ்சு குடுப்பேன், உள்ள போயிருவேன். ஆரும் என்னைய ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. இருக்கற எல்லாப் பேச்சையும் பெரியவிக பேசி முடிச்சுப்போடுவாங்க. நா எதக் கட்டுனேன், எதுல படுத்துத் தூங்கறேன், எனக்கு என்ன தெரியும்னு ஒன்னும் தெரியாமலே நீங்க புடிச்சிருக்குதுன்னு சொல்லிப்போட்டுப் போயிருவீங்க. அது எனக்கு வேண்டாம். அதுக்குத்தானுங்க வந்ததுல இருந்து வாய மூடாமப் பேசிட்டு இருக்கறேன். இல்லீன்னா முட்டை வாங்க வாரவன் கிட்டயெல்லாம் ஊட்டுக் கதை சொல்றதுக்கு எனக்கு வேற சோலி இல்லீங்களா?

எனக்கு ஓணுங்கறது பெருசா ஒன்னுமில்ல. உங்கூட்டு மாடி மேல பானை கவுத்திச் சுண்ணாம்பு போட உடோணும். மேக்கால செவுத்துக்கு ஒரு பந்தல். மாடிப்படி இருக்கற பக்கம் மேல ஒரு சந்து ஒடைக்கோணும், சூடு போகறதுக்கு. ஒங்கய்யன் கத்துவாரு, அத நீங்க பாத்துக்கோணும். கரண்டு இருக்கட்டும், டி.வி. பாக்கோணுமல்ல. கோழி கொண்டார மாட்டேன், பயப்படாதீங்க.

புடிக்கலீன்னா ஒன்னுமில்லீங்க. வெள்ளிக்கெழம சௌந்திரக்கா ஊட்ல ஃபேனுக்கடியில ஒக்காந்து காப்பியக் குடிச்சுப்போட்டு, ஊருக்குப் போயிக் கடுதாசி போடறோம்னு சொல்லிப்போடுங்க. நானும் இன்னிக்கு ஒரு ஏவாரி வந்தான், போனான்னு இருந்துக்கறேன்.

புடிச்சிருந்துச்சுன்னா, மெயின் ரோட்டுல காரு நிக்கறப்ப எறங்காதீங்க. எங்கய்யன் நின்னு கைய நீட்டித் தடுப்பாரு, நிக்காதீங்க, நேரா இங்க வாங்க. வந்து அந்த ஹாரன அமுத்துங்க. நல்லா அழுத்தமா அமுத்துங்க. கோழி மெரண்டா மெரளட்டும், ரெண்டு நாளைக்கு முட்டை இல்லாமப் போனாப் போகட்டும். சௌந்திரக்கா ஊட்டுச் சமையக்கட்டு வரைக்கும் கேக்கும் அது. தட்டக் கீழ வெச்சுப்போட்டு நானே ஓடியாரேன்.

எங்கம்மா வருது பாருங்க, துண்டக் கட்டிக்குங்க. இந்தா, முட்டைய உட்டுட்டுப் போறீங்களே. ஏவாரின்னு வந்தவரு வெறுங்கையோட போனா அதுக்குச் சந்தேகம் வந்துரும்.